அகல உழுத லீக்கும் ஆழ உழ வேண்டிய கரையும்

(தூத்தூர்ப் பகுதிக் கடற்கரை ஊர் ஒன்றில், கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அருள்பணி பங்குத்தந்தை அவர்களே, பங்குப்பேரவைத் துணைத் தலைவர், செயலர், பொருளாளர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, மாவட்டக் கால்பந்துக் கழகத்திலிருந்து வந்திருக்கும் பொறுப்பாளர்களே, இத்தனை நாளும் வெயிலில் விசிலோடு ஓடிய நடுவர் பெருமக்களே, கடல்கடந்து வேலை பார்த்துக்கொண்டே பரிசுத்தொகையை அனுப்பிவைத்த இளைஞர்களே, வலைபின்னும் கூடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்ஸ் கட்டிக்கொண்டு காத்திருக்கும் இரு அணிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்கள் தம் பேச்சைச் சுருக்கி எனக்கு நேரம் ஒதுக்கித் தந்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. கோல்கம்பத்துக்குப் புது வலை வாங்கித் தந்த குடும்பத்தார் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். ஒன்று, கால்பந்து கிளப்புகளை வெளிநாட்டு முதலாளிகள் வாங்குவது. இரண்டு, லீக்கில் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது. மூன்று, தொலைக்காட்சி உரிமைப் பணம் பங்கு பிரிக்கப்படும் விதம். இந்த மூன்றும் இந்தக் கரையில் பந்து உதைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தொடுகின்றன.

நாஞ்சில் நாட்டு உழவர் சொல்வார்கள்: அகல உழுவதை விட ஆழ உழு. லீக் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்தி சொல்ல முடியாது.

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரைப் பாருங்கள். 1996இல் 10 அணிகளோடு தொடங்கியது. 2025இல் 30 அணிகள். 2007இல் டொராண்டோ உள்ளே வர ஏறத்தாழ 1 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் கட்டியது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களான சிட்டி ஃபுட்பால் குரூப், யாங்கீஸ் பேஸ்பால் கிளப்பைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 2013இல் நியூயார்க்கில் புது அணி அறிவித்தபோது கட்டணம் 10 கோடி டாலர். 2023இல் சான் டியேகோவுக்கு 50 கோடி டாலர். ஏன் இப்படி ஏறுகிறது? அந்த லீக் முழுவதும் ஒரே நிறுவனம். அணி முதலாளிகள் அதன் பங்குதாரர்கள். வீரர்கள் ஒப்பந்தம் போடுவதுகூட லீக்கோடுதான். புது ஆள் கட்டும் பணம் பழைய பங்குதாரர்களுக்குப் போகிறது. கடைசி இடம் பிடித்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறக்கம் கிடையாது. ஆகவே அணியைச் சேர்ப்பதே ஒரு வருமானம் ஆகிவிட்டது. ஆனால் சேரும் ஒவ்வோர் அணியும் பொது வருமானத்தில் பங்கு கேட்கும். கட்டணம் ஒரு முறை வரும், பங்கு ஆண்டுதோறும் போகும்.

வெளிநாட்டு முதலாளி தோற்ற கதையும் அங்கேயே இருக்கிறது. சீவாஸ் என்று ரசிகர்கள் அழைக்கும் மெக்சிகோவின் குவாதலஹாரா கிளப்பை வைத்திருந்த ஹோர்கே வெர்காரா, 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் சீவாஸ் யூஎஸ்ஏ என்று ஓர் அணியை இறக்கினார். மெக்சிகோக் கிளப்பின் பெயர், அதன் நிறம், அங்கே குடியேறிய மெக்சிகோ மக்களின் பாசம், இவை போதும் என்று கணக்குப் போட்டார். சொந்த மைதானம் கட்டவில்லை. அதே லீக்கின் கேலக்ஸி அணியின் மைதானத்திலேயே வாடகைக்கு ஆடியது அந்த அணி. பாசம் இருந்த மக்கள் குவாதலஹாராவைத்தான் தொடர்ந்து நேசித்தார்கள், கிளையை நேசிக்கவில்லை. 2014 பிப்ரவரியில் லீக்கே அணியை வாங்கியது, அந்த ஆண்டு அக்டோபரில் கலைத்தது. அடுத்து அதே நகரத்தில் வந்த எல்ஏஎஃப்சி, சொந்த மைதானம் கட்டிக்கொண்டு 2018இல்தான் களம் இறங்கியது. 2022இல் லீக் கோப்பையை வென்றது.

சான் டியேகோவுக்கு வந்ததும் வெளிநாட்டுப் பணம்தான். எகிப்தில் பிறந்த முகமது மன்சூர், அமெரிக்காவின் சிக்குவான் பழங்குடி மக்களோடு கூட்டாக அந்த அணியைத் தொடங்கினார். கானாவில் 1999இல் தொடங்கப்பட்ட ரைட் டு டிரீம் அகாடமி அவர் குழுமத்தின் கையில் இருக்கிறது. அந்த அகாடமியின் கிளை ஒன்றை, பிள்ளைகள் தங்கிப் படித்து ஆடும் பள்ளியாக, புது அணியோடு சேர்த்தே நிறுவினார்கள். 2025இல் முதல் பருவத்திலேயே மேற்குப் பிரிவில் முதலிடம். அகல உழுவதை விட ஆழ உழு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல் 2014இல் 8 அணிகளோடு வந்தது. கொல்கத்தா அணியில் அத்லெடிகோ மாட்ரிட் பங்கு வைத்திருந்தது, 2017இல் விலகியது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. புனே அணி கலைந்தது, அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. 2021-22 கோப்பையை வென்ற அதே ஹைதராபாத் 2025இல் டெல்லிக்குப் பெயர்ந்துவிட்டது. மும்பை சிட்டியின் 65 சதவீதத்தை 2019இல் சிட்டி ஃபுட்பால் குரூப் வாங்கியது. நல்லதும் செய்தார்கள். 2020-21இல் அணி லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. 2022இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஈராக்கின் விமானப்படைக் கிளப்பைத் தோற்கடித்தது, அந்தப் போட்டியில் இந்தியக் கிளப் ஒன்றின் முதல் வெற்றி அது. ஆனால் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. லீக் நடக்குமா என்பதே கேள்வியாக நின்ற நேரத்தில், அந்த டிசம்பரிலேயே மான்செஸ்டர்க்காரர்கள் பங்கைக் கைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வந்தவர் போகத்தான் செய்வார். போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கிளப்பான சென்னை சிட்டியின் கதையைச் சொல்லாமல் போனால் நீங்களே என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள்.

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கம். ஐஎஸ்எல் போக நாட்டில் நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே சென்னை சிட்டிக்கு எதிரே நிற்பது முந்தைய ஆண்டுச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடுகிறது. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம், மினர்வா கோல் போட்டுவிட்டது. அரங்கம் உறைந்துபோனது. முதல் பாதி முழுவதும் அடிக்கிறார்கள், பந்து உள்ளே போகவில்லை. கேலரியில் ஒவ்வொருவர் கையிலும் செல்போன், கண் பாதி மைதானத்தில், பாதி கோழிக்கோட்டில். 56ஆவது நிமிடம், பெனால்டி. பெத்ரோ மான்சி நிற்கிறார், அந்தப் பருவத்தில் 21 கோல் போட்ட உருகுவேக்காரர். அடித்தார், கோல், 1-1. ஆனால் சமன் போதாது! ஈஸ்ட் பெங்கால் வென்றால் 42, இங்கே சமன் செய்தால் 41. 69ஆவது நிமிடம், கௌரவ் போரா, அஸ்ஸாம் பையன், தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை, முன்னால் வந்து போடுகிறார், 2-1. அங்கே கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு முந்திவிட்டது. இங்கே ஒரு கோல் திரும்ப வாங்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கூடுதல் நேரம் மூன்றாவது நிமிடம், மறுபடியும் அதே போரா, 3-1! 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. (நீண்ட கைதட்டல்)

கைதட்டியதற்கு நன்றி. இப்போது மீதியையும் கேளுங்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அந்தக் கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் இடம் தரும் வழி அப்போது இல்லை. அந்தக் கதவு 2022-23 சாம்பியனான பஞ்சாபுக்குத்தான் முதலில் திறந்தது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. அதற்குள் சென்னை சிட்டி போய்விட்டது. 2020-21 பருவத்தோடு ஐ-லீக்கில் அதன் ஆட்டம் முடிந்தது. கோப்பை வென்று இரண்டே பருவம்! ஐரோப்பியப் பங்குதாரர் இருந்தும், கோப்பை இருந்தும், ஏறிப்போக வழியில்லாத கிளப்புக்கு ஸ்பான்சர் நிற்கமாட்டார்.

அந்த அணி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் இரவிபுத்தன்துறைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடித்தான் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கிருந்து கொல்கத்தாவின் ஏடிகே அணி. ஏடிகே 2019-20 ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. ஒரு கிளப் மூடும்போது இந்தக் கரையிலிருந்து மேலே போகும் ஒரு படி உடைகிறது. அதை நம்மால் தடுக்க முடியாது. நம் கையில் இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன். தொலைக்காட்சி உரிமைப் பணத்தை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம்.

நம் பிள்ளைகளைப் பதிவு செய்யுங்கள். பன்னிரண்டு வயதில் செய்யுங்கள்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும். 12, 13, 14, 15 வயதுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை சதவீதம். ஒரு பையன் 12 முதல் 17 வரை நம் ஊர்க் கிளப்பில் பதிவாகி ஆடியிருந்தால் 2 சதவீதம் நமக்கு. 1 கோடி ரூபாய்க்கு விலைபோனால் 2 லட்சம். அவர் விளையாட்டு வாழ்க்கையில் இப்படி நாடு மாறும் ஒவ்வொரு தடவையும் இது வரும். இன்னொன்று பயிற்சி இழப்பீடு. வேறு நாட்டுக் கிளப்போடு முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது வருவது. கிளப்புகளை நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். 12 முதல் 15 வரையுள்ள ஆண்டுகளுக்கு ஆசியாவின் கடைநிலைக் கட்டணமான 2,000 டாலர் வீதம் கணக்கு. வளைகுடாவில் ஒரு பெரிய கிளப் நம் பையனை எடுத்தால், அந்த நான்கு ஆண்டுக்கு மட்டும் 8,000 டாலர். எடுக்கும் கிளப்பும் கடைநிலைக் கிளப்பாக இருந்தால் இது கிடையாது. உள்நாட்டுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு நம் தேசியக் கூட்டமைப்பின் விதி தனி. ஆனால் அங்கேயும் கேட்கப்படுவது பதிவுதான்.

இதை வாங்காமல் விட்டவர்கள் உலகத்தில் நிறைய. 2014இல் டிஆண்ட்ரே யெட்லின் என்ற அமெரிக்க வீரரை இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் வாங்கியது. அவரைச் சிறுவயதில் வளர்த்த கிராஸ்ஃபயர் என்ற சிறு கிளப் தன் பங்கைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் ஃபிஃபாவரை போராடியும் கிடைக்கவில்லை. அங்கே தேசியக் கூட்டமைப்பே அந்த விதியை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்தது. நமக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. காகிதம்தான் இல்லை.

எங்கே தவறுகிறது? அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் நூறு ஆட்டம் ஆடினாலும் அது கணக்கில் ஏறாது. பதிவாகிய கிளப்பின் பெயரில் இருந்த நாட்கள்தான் ஏறும், அதுவும் நாள் கணக்கில். பையன் கேரளத்துப் பக்கம் ஹாஸ்டலுக்குப் போகிறான், அங்கே முதல் தடவையாகப் பதிவு செய்கிறார்கள். அவனுடைய விளையாட்டு வரலாறு அங்கே தொடங்கியதாக ஆகிவிடுகிறது, இந்த மணலில் ஓடிய ஐந்து ஆண்டு அழிந்துபோகிறது. அடுத்தது பெயர். ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முன்னால், பிறப்புச் சான்றில் இனிஷியல் மட்டும். ஒரே பையன் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு எண்ணோடு பதிவாகிவிட்டால், அவன் வரலாறு இரண்டாக உடைகிறது. மூன்றாவது வங்கிக் கணக்கு. ஊர்க் கிளப்பின் பணம் செயலாளரின் சொந்தக் கணக்கில் கிடக்கிறது. 2022 முதல் இந்தத் தொகையெல்லாம் பாரிசில் இருக்கும் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற பணப்பட்டுவாடா அமைப்பு வழியாகத்தான் வருகிறது. வீரரின் பதிவு வரலாற்றைப் பார்த்துத் திருத்தம் சொல்லப் பத்து நாள் தருவார்கள். பிறகு கிளப்பின் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பமாட்டார்கள்.

முதலில் கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதிகளோடு மனு. ஆண்டுதோறும் வரவுசெலவும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவு ரத்தாகும் நிலை வரலாம், பல ஊர்களில் நடப்பது இதுதான். அடுத்து, சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. அதன் பிறகு மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணைப்பு. அதன் வழியாகத்தான் தேசியக் கூட்டமைப்பின் கணினிப் பதிவுக்குள் நம் கிளப் பெயர் ஏறும். அப்புறம் பிள்ளைகள். மூத்தவர்கள் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், பன்னிரண்டு வயதுக்காரர்களை இந்த ஆண்டே. பருவம் மாறும்போது புதுப்பிக்க மறந்தால் அந்த ஆண்டு போச்சு.

ஐஎஸ்எல்லில் இன்று 14 அணி. நாளை இருபது ஆகட்டும், லண்டன்காரர் வரட்டும், துபாய்க்காரர் வரட்டும். அகல உழுவதை விட ஆழ உழு என்று அவர்களுக்குச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. நம் கரையில் உழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மாவட்டக் கழகப் பொறுப்பாளர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு வேண்டுகோள். கடற்கரை ஊர்க் கிளப்புகளுக்கு இணைப்பு விண்ணப்பத்தைத் தமிழில் தாருங்கள். நிரப்பிக் கொடுக்க ஊருக்கு ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். தூத்தூர் தூய யூதா கல்லூரியில் படித்து ஆடிய இளைஞர்கள் இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள்.

பங்குத்தந்தை அவர்கள் பெருமனதோடு இடம் தந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் பங்கு மேடையின் முன் மேசை போட்டிருக்கும். பெற்றோர் கொண்டுவர வேண்டியவை: பிறப்புச் சான்றின் அசலும் நகலும், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. அப்பா கடலிலோ வெளிநாட்டிலோ இருந்தால் அம்மா வந்து கையெழுத்துப் போடலாம். பெயர் இரண்டு சான்றிலும் ஒன்றாக இல்லாவிட்டாலும் வாருங்கள், எதை எங்கே திருத்துவது என்று அங்கேயே எழுதித் தருவார்கள். பெண்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பதிவு அவர்களுக்கும் இதேதான்.

இரு அணிகளுக்கும் வாழ்த்துகள். நன்றி, வணக்கம்.