நகரம் விழுங்கியும் செரிக்காத ஊர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெருநகரம் ஒன்றின் நடுவே நடந்துகொண்டிருக்கும்போது, சட்டென்று தெரு குறுகி, வாகன இரைச்சல் அடங்கி, நம் செருப்பொலி நமக்கே கேட்கத் தொடங்குகிற இடங்கள் சில உண்டு. ‘நகரத்துக்குள் ஒரு கிராமம்’ என்று அவற்றைச் சொல்கிறோம். அது உவமை என்று பலரும் நினைக்கிறார்கள். பல இடங்களில் அது வரலாறு. ஊர் முதலில் இருந்தது, நகரம் பின்னால் வந்து அதைச் சூழ்ந்துகொண்டது.

பாரிசின் மொன்மார்த்ர் குன்று 1860ஆம் ஆண்டில்தான் அந்நகரத்தோடு இணைக்கப்பட்டது. அதுவரை காற்றாலைகளும் திராட்சைத் தோட்டங்களுமாகத் தனித்திருந்த ஊர் அது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்குப் பெயரிலேயே கிராமம் இருக்கிறது. 1811ஆம் ஆண்டுத் தெருத் திட்டம் அந்நகரத்தின் மன்ஹாட்டன் தீவைக் கட்டம் கட்டமாக வகுத்தபோது, கிரீனிச் வில்லேஜில் ஏற்கெனவே இருந்த கோணல் தெருக்கள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன. விளைவு வேடிக்கையானது: மேற்கு 4ஆம் தெரு, தனக்கு இணையாக ஓடியிருக்க வேண்டிய மேற்கு 10, 11, 12ஆம் தெருக்களைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. எண்ணை நம்பி வருகிறவர் அங்கே திண்டாடுவார். ஆளைக் கேட்டு வருகிறவர் வீடு சேர்வார்.

இத்தகைய இடங்களின் அழகெல்லாம் அந்தக் கோணலில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. தெரு வளைந்தால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது, வேகம் குறையும். வேகம் குறைந்தால் நடப்பவருக்கு நடுத்தெருவும் சொந்தமாகும், முதியவர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அவர் முகத்தை இரண்டு நாள் பார்த்தவர் மூன்றாம் நாள் தலையசைக்காமல் கடந்துபோக முடியாது.

எதிர்வீட்டு வாசலில் காலைச் செய்தித்தாள் நண்பகல்வரை எடுக்கப்படாமல் கிடந்தால், அகன்ற சாலையில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. இங்கே அந்த நாற்காலிக்காரர் எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார், “உடம்புக்கு என்ன?” என்று விசாரிப்பார், கூடவே, முந்தின நாள் வந்துபோன விருந்தாளி யார் என்றும் கேட்டுவைப்பார். அந்தத் தொல்லையும் சேர்ந்ததுதான் இது! ஆனால் உண்மைக் கிராமத்தில் இல்லாத ஒரு விடுதலை இங்கே இருக்கிறது: இரண்டு திருப்பங்கள் கடந்து பெருஞ்சாலையை அடைந்துவிட்டால், நாம் யார் என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. தெரிந்தவராக வாழ்வதும் தெரியாதவராகத் திரிவதும் ஒரே நாளில் வாய்ப்பதனால்தான், கிராமத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்கும் இந்தத் தெருக்கள் பிடித்துப்போகின்றன.

இவை தாமாகப் பிழைத்திருப்பவை அல்ல. கிரீனிச் வில்லேஜின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் குறுக்கே அகன்ற சாலை போடும் திட்டத்தை அங்குள்ளோர், குறிப்பாகத் தாய்மார்கள், ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 1958இல் பேருந்துகள் நீங்கலாகப் பிற வாகனங்களுக்குப் பூங்கா மூடப்பட்டது. 1969இல் அப்பகுதியே வரலாற்றுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. செங்கல்லையும் சன்னலையும் முகப்பையும் அந்த அறிவிப்பு காக்கிறது. ஆனால் அழகைத் தேடி வருகிறவர்கள் பெருகப் பெருக வாடகை ஏறும். ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் அந்த முதியவர் வெளியேறும் நாளில், அவருடைய நாற்காலியைக் காக்க அந்த அறிவிப்பில் ஒரு விதியும் இல்லை.

நன்றி, வணக்கம்.