"இந்த சீட்டில் உட்காருகிறீர்களா?"

அனைவருக்கும் வணக்கம்.

விமானத்தில் இன்ஜின் நின்றுபோனால் கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மூன்று இன்ஜின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றால் விமானிகள் அவ்வளவு பதற மாட்டார்கள். அதற்கென்று ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது, எடுத்துப் படித்து வரிசையாகச் செய்வார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனியின் 232 விமானத்தின் கேப்டன் ஆல் ஹேய்ன்ஸும் அதைத்தான் செய்யத் தொடங்கினார்.

டென்வரிலிருந்து சிகாகோ போகும் டிசி-10 விமானம். உள்ளே 296 பேர். அயோவா மாநிலத்துக்கு மேலே, 37,000 அடி உயரத்தில், பிற்பகல் 3.16 மணிக்கு வாலில் இருந்த இன்ஜின் வெடித்தது. செக்லிஸ்ட் படித்துக்கொண்டிருக்கும்போதே துணை விமானி பில் ரெக்கார்ட்ஸ், விமானம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றார். ஹேய்ன்ஸ் திரும்பிப் பார்க்கிறார். ரெக்கார்ட்ஸ் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, நெஞ்சு வரை இழுத்துப் பிடித்திருக்கிறார். விமானமோ வலது பக்கம் சாய்ந்து கீழே இறங்குகிறது!

அவ்வளவு பெரிய விமானத்தின் இறக்கைப் பலகைகளையும் வால் பலகைகளையும் கை பலத்தால் அசைக்க முடியாது. குழாய்களில் அழுத்தத்தோடு ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் அசைக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று தனித்தனியாக மூன்று அமைப்புகள் வைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அதற்குச் செக்லிஸ்ட்டும் இல்லை. ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில்தான் ஒன்றுகூடின. மூன்று பூட்டு வாங்கி ஒரே தாழ்ப்பாளில் மாட்டிய கதை. இன்ஜினின் முன்பக்க டைட்டானியம் தட்டு உடைந்து, சிதறிய துண்டுகள் மூன்றையும் சேதப்படுத்திவிட்டன. தட்டு செய்தபோதே உலோகத்தில் இருந்த சின்னக் குறை, பல வருஷம் பறந்து பறந்து விரிசலாக வளர்ந்திருந்தது. சோதனையில் அது கண்ணில் படவில்லை.

சரி, கையில் மிச்சம் என்ன? இரண்டு இறக்கைகளிலும் உள்ள இரண்டு இன்ஜின்கள். வலது இன்ஜினுக்கு வேகம் கூட்டி இடதைக் குறைத்தால் விமானம் மெல்ல இடது பக்கம் திரும்பும். மாற்றிச் செய்தால் வலது பக்கம். கூடவே இன்னொரு தொல்லை: மூக்கு தானாகக் கீழே போகும், வேகம் ஏறும், வேகம் ஏறியதும் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், மறுபடி கீழே. தூளி மாதிரி இந்த ஆட்டம் நிற்கவே இல்லை. மூக்கு இறங்கும்போது த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) கூட்ட வேண்டும், ஏறும்போது குறைக்க வேண்டும். நம் கை தானாகச் செய்யப் பார்ப்பதற்கு நேர் எதிர்! அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்பு ஜப்பானில் இதேபோல ஹைட்ராலிக் முழுவதையும் இழந்த ஒரு ஜம்போ ஜெட் மலையில் மோதி 520 பேர் இறந்திருந்தார்கள்.

அந்த விமானத்தில் டென்னி ஃபிட்ச் என்பவர் பயணியாக வந்திருந்தார். அதே கம்பெனியில் டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். நான் உதவட்டுமா என்று சொல்லியனுப்பினார். எந்த ஆபீஸிலும் நெருக்கடி நேரத்தில் பெரியவர் அறைக்கு இப்படிச் சொல்லியனுப்பினால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ஹேய்ன்ஸ் உடனே வரச் சொன்னார். கேப்டன் சொன்னதுதான் சட்டம் என்ற பழக்கத்தை மாற்ற அந்தக் கம்பெனி 1980 முதல் பயிற்சி கொடுத்து வந்தது. ஃபிட்ச்சையும் சேர்த்து காக்பிட்டில், அதாவது விமானிகள் அறையில், இருந்த நால்வரின் அனுபவத்தையும் கூட்டினால் 103 வருஷம், அதில் ஒரு நிமிஷம்கூட இப்படி ஓட்டிப் பழகியதில்லை, மற்ற மூவரைவிட எனக்கு மட்டும் அதிகம் தெரிந்திருக்குமா என்று ஹேய்ன்ஸ் பின்னால் கேட்டிருக்கிறார்.

ஃபிட்ச் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே நின்று, கைக்கு ஒன்றாக இரண்டு த்ராட்டில்களையும் பிடித்துக்கொண்டார். விமானம் பெரும்பாலும் வலது பக்கமே வட்டமடித்தபடி அயோவாவில் உள்ள சூ சிட்டி விமான நிலையத்தை நெருங்கியது. எந்த ரன்வேயிலும் இறங்கலாம் என்று டவர் சொன்னபோது, "ரன்வேதான் வேண்டும் என்கிறீர்களா?" என்று ஹேய்ன்ஸ் கிண்டலடித்தார்.

தரையிறங்கச் சில நிமிஷங்களே இருக்கும்போது ஃப்ளைட் இன்ஜினியர் (காக்பிட்டில் இயந்திரங்களைக் கவனிப்பவர்) டட்லி ட்வோராக், நின்றுகொண்டிருந்த ஃபிட்ச்சிடம் கேட்டார்: "இந்த சீட்டில் உட்காருகிறீர்களா?" உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே என்றார் ஃபிட்ச். எனக்கொன்றும் இல்லை, நீங்கள் செய்வது என்னவென்று உங்களுக்குத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு ட்வோராக் எழுந்து, பின்னால் இருந்த உபரி இருக்கைக்குப் போனார். காக்பிட்டின் ஒலிப்பதிவில் இந்தப் பேச்சு இருக்கிறது. மொத்தமும் சில நொடிதான்.

வழக்கமாக 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் இறங்க வேண்டிய விமானம் 215 நாட்டில் (சுமார் 400 கி.மீ.) வந்தது. கடைசி நொடிகளில் வலது இறக்கை சாய்ந்து தரையில் இடித்தது. விமானம் உடைந்து, தீப்பிடித்து, புரண்டு சோளக்காட்டில் போய் விழுந்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிறகு விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் இயந்திரத்தில் அனுபவமுள்ள விமானிகள் இதே நிலைமையில் இறக்கிப் பார்த்தார்கள். சரியாக இறக்க முடியவில்லை.

தனியாகப் பிய்ந்துபோன காக்பிட் இடுப்பு உயரத்துக்கு நசுங்கிக் கிடந்தது. அது காக்பிட் என்றே தெரியாமல் மீட்புப் படையினர் அதைத் தாண்டிப் போனார்கள். 35 நிமிஷம் கழித்துத்தான் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள்.