பத்திரிகை ஆபீஸ்ல எதுக்குங்க பிணவறை?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு டிராயர்கள்]

நியூயார்க், 1940-கள். பத்திரிகை ஆபீஸ். எடிட்டர் ஒரு இளம் ரிப்போர்ட்டரைக் கூப்பிட்டு, "மோர்க்ல போய்ப் பாரு"ன்னு சொல்றார்னு வைங்க. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டான். அதே கட்டடத்துல இருக்குற ஒரு ரூமுக்குத்தான் போவான்.

மோர்க்னா பிணவறை, நம்ம ஊர்ப் பேச்சுல மார்ச்சுவரி. பாரிஸ்ல அடையாளம் தெரியாத பிணங்களை ஜனங்க பார்வைக்கு வச்சிருந்த இடத்தோட பேர் அது. அமெரிக்கப் பத்திரிகைக்காரங்க அந்தப் பேரை எடுத்து, பழைய செய்தித் துண்டுகளைச் சேர்த்து வைக்கிற ரூமுக்கு வச்சுட்டாங்க. அவங்க குசும்பு அப்படி!

[திரையில்: கத்தரிக்கோல், தேதி முத்திரை, பழுப்புக் கவர்]

உள்ளே என்ன வேலை? அன்னைக்கு வந்த பேப்பரைக் கத்தரிக்கணும். ஒவ்வொரு துண்டுலயும் தேதி முத்திரை குத்தி, மடிச்சு, ஒரு சின்னக் கவர்ல போடணும். கவர் மேல ஆள் பேர், இல்லேன்னா விஷயத்தோட பேர். ஒரே செய்தியில அஞ்சு பேர் வந்தா? அஞ்சு பேப்பர் வாங்கி அஞ்சு தடவை வெட்டணும், அஞ்சு கவர்ல போடணும். கூகுள் இல்லாத காலத்துல தேடல்ங்கிறது இதுதான்.

போட்டோக்களும் இங்கேதான். பின்பக்கம் திருப்பினா எந்தெந்தத் தேதியில அச்சானதுன்னு முத்திரை. முன்பக்கம் எந்த அளவுக்கு வெட்டணும்னு பென்சில் கோடு. சிலதுல பக்கத்துல நின்ன ஆளையே பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. போட்டோஷாப் நேத்து வந்த சங்கதி இல்லைங்க.

சரி, பிணவறைங்கிற பேருக்கு ஏத்த வேலை நடந்துச்சா? நடந்துச்சு. பெரிய மனுஷங்க உயிரோட இருக்கும்போதே அவங்க இரங்கல் செய்தியை எழுதித் தயாரா வச்சிருவாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் போய்ட்டார்னு தகவல் வந்தா, முழு வாழ்க்கையையும் அப்பவா உட்கார்ந்து எழுத முடியும்? நியூயார்க் டைம்ஸ்ல ஆல்டன் விட்மன்னு ஒருத்தர், சம்பந்தப்பட்டவங்களையே நேர்ல பார்த்துப் பேட்டி எடுத்துட்டு வருவார். எதுக்கு வந்திருக்கார்னு அவங்களுக்கும் தெரியும்!

இந்த வழக்கம் இன்னும் இருக்கு. நடிகை எலிசபெத் டெய்லர் 2011-ல இறந்தப்போ டைம்ஸ்ல வந்த இரங்கல் செய்தியை எழுதினவர் மெல் கஸ்ஸோ. அவர் 2005-லயே காலமாயிட்டார்.

[திரையில்: கவர் மேல கவர், நெருக்கமான காட்சி]

இதுல ஒரு ஆபத்தும் உண்டு. கவர்ல இருக்குற துண்டுல ஒரு பேரோ வயசோ தப்பா இருந்தா, அடுத்து எழுதுறவரும் அதையேதான் எடுப்பார். அவர் எழுதினதும் வெட்டப்பட்டு அதே கவருக்குள்ள போகும். இப்போ தப்புக்கு ரெண்டு சாட்சி. என்னைக் கேட்டா, இன்னைக்கு இணையத்துல நடக்குறதும் அச்சு அசல் இதேதான்.

பல பத்திரிகைகள் மூடினப்புறமும் அவங்க மோர்க் தப்பிச்சிருச்சு. புரூக்ளின் ஈகிள் 1955-ல நின்னுச்சு, அதோட துண்டுகள் புரூக்ளின் பொது நூலகத்துக்குப் போச்சு. 1966-ல மூடின நியூயார்க் ஜர்னல்-அமெரிக்கனோட மோர்க், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு. 1982-ல மூடின பிலடெல்பியா புல்லட்டினோடது டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு. ஆராய்ச்சி பண்றவங்க இன்னைக்கும் அங்கே போய், பேர் சொல்லிக் கேட்டு வாங்கிப் படிக்கிறாங்க.