இலை எடுக்க ஆள் நிற்காத விருந்து

நடுவர் அவர்களே, குடும்ப விசேஷம் களைகட்டுவது மண்டப விருந்திலா, பிரெஞ்சு உணவகத்திலா என்று பாரிசில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள், நான் உணவகத்தின் பக்கம்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? பெரிய தட்டு, நடுவில் கோலப்புள்ளி அளவு சாப்பாடு. கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஐயா, அந்தப் புள்ளி முதல் தட்டு மட்டும்தான்! அதற்குப் பிறகு காய்கறியோடு மீனோ இறைச்சியோ வரும், அப்புறம் சீஸ், அதற்கும் அப்புறம்தான் இனிப்பு. பிறந்தநாள், கல்யாணம் என்று நல்ல நாளில் எல்லோரும் கூடி உட்கார்ந்து இப்படி வரிசையாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களின் வழக்கத்தைத்தான் யுனெஸ்கோ 2010-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் மண்டபத்தில் என்ன நடக்கிறது? ரசம் ஊற்றும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் வந்து நிற்கிறார், பிடரியில் அவர் மூச்சுக் காற்று. பாயசத்தை ரசித்தா குடிக்கிறோம்? முழுங்கிவிட்டு எழுந்து ஓடுகிறோம். இங்கே உணவகத்தில் நாமாகக் கேட்கும்வரை பில் வராது, கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் அது விரட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

மாமனாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அப்படித்தான் போனோம். இனிப்புக்கு முன்னால் பணியாளர் வந்து, மேசை விரிப்பில் சிந்திய ரொட்டித் துகளைச் சின்னத் தகட்டால் வழித்தெடுத்தார். மாமியார் உடனே, "இலை எடுக்கிறாங்க, எழுந்திரிங்க" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்! பிடித்து உட்கார வைத்தோம். இனிப்பு வரும்வரை வேறு வேலை இல்லையே, மாமனார் தான் பெண் பார்க்கப் போன கதையை எடுத்துவிட்டார், மாமியார் வரிக்கு வரி மறுத்தார், கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாய் பிளந்து கேட்டார்கள். பந்தியில் இந்தக் கதைக்கு நேரம் ஏது?

செலவா? ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டோடு காசில்லாமல் வரும், சேவைக் கட்டணம் 1987 முதல் விலையிலேயே அடக்கம். மலிவாக வேண்டுமென்றால் 1896-ல் தொடங்கிய பூயோன் ஷார்த்தியே என்ற பாரிஸ் உணவகத்துக்குப் போங்கள், மேசையில் விரித்த காகிதத்திலேயே கணக்கெழுதிக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். சைவக்காரர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான், சரி, இடம் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். தீர்ப்பை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள் நடுவரே, பத்து மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்யணுமாம், வாசலில் ஒருவர் சாவியோடு நிற்கிறார்.