பூரான் ஏன் குளியலறைக்கு வருகிறது?

கணுக்காலிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடப்புத்தக வரி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: கண்டங்களாகப் பிரிந்த உடல், மூட்டு மூட்டாக மடங்கும் கால்கள், உடம்புக்கு வெளியே கைட்டின் என்ற உறுதியான பொருள் கலந்த ஓடு. ஈ, எறும்பு, சிலந்தி, தேள், நண்டு, இறால், மரவட்டை, பூரான் எல்லாம் இந்த வகையறாதான். இதுவரை பெயர் வைத்திருக்கும் விலங்கினங்களில் முக்கால்வாசிக்கு மேல் இவைதான். என்னைக் கேட்டால் அந்த மூன்றில் ஓடு ஒன்று புரிந்தால் போதும், எது எங்கே வாழும் என்பது பாதி புரிந்துவிடும்.

பூச்சிகளின் ஓட்டுக்கு மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு, அது உடம்பின் ஈரத்தை ஆவியாக விடாது. பூரானுக்கு அந்தப் பூச்சு சரியாக இல்லை, மூச்சுத் துளைகளையும் இறுக மூடத் தெரியாது, வெயிலில் மாட்டினால் காய்ந்தே செத்துப்போகும். அதனால்தான் மட்கிய இலை, ஈரக் கல்லடி, அப்புறம் நம் குளியலறை. தேள் இதற்கு நேர்மாறு: மெழுகு நன்றாக ஏறிய ஓடு, பொட்டல் காட்டில் மாதக்கணக்கில் இரை கிடைக்காவிட்டாலும் சமாளிக்கும்.

ஆனால் ஓடு வளராது. உள்ளே இருப்பது வளர வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். ராத்திரி சமையலறையில் விளக்கைப் போட்டதும் பால் வெள்ளையாக ஒரு கரப்பான் ஓடுகிறதே, அது வேறு இனம் இல்லை, இப்போதுதான் சட்டை உரித்த நம் பழைய ஆள். காற்றை விழுங்கி உடம்பை உப்பவைத்துக்கொண்டு, புது ஓடு இறுகிப் பழுப்பாகச் சில மணி நேரம் காத்திருக்கும். நண்டு இதே வேலையைத் தண்ணீர் குடித்துச் செய்கிறது, கூடவே இரையை அரைக்கும் வயிற்றின் உள்ளுறையையும் உரித்துப் போடுகிறது. (படித்தபோது நானே நம்பவில்லை.)

இந்த ஓட்டோடு இவை போகாத இடமில்லை. 1924-இல் எவரெஸ்ட் ஏறப் போனவர்கள் சுமார் 6,700 மீட்டர் உயரத்தில் குதிக்கும் சிலந்தியைப் பார்த்தார்கள். பசிபிக் கடலின் ஆழமான பள்ளமான மரியானா அகழியின் அடியில், 10,000 மீட்டருக்கும் கீழே, இறாலின் தூரத்து உறவுகள் நீந்துகின்றன. உடம்பைத் தண்ணீர் தாங்குவதால் கடலில் பெரிதாகவும் வளரலாம், ஜப்பானியச் சிலந்தி நண்டு கால் விரித்தால் மூன்றரை மீட்டர்.

சரி, விளக்கை அணையுங்கள். இந்தப் பாட்டிலில் இருப்பது தேள் உரித்த சட்டை மட்டும்தான், கொட்டாது. புற ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும், பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.