சாவியை எங்கள் அணியிடம் கொடுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா கண்கலங்காத குறையாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். “பினாங்கில் எஸ்பிளனேடு எனப்படும் பாடாங் கோத்தா லாமாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் நகர மண்டபம் நூற்று நாற்பது வயது தாண்டிய மூதாட்டி. அவள் மடியில் உறுமி மேளம் கொட்டாதீர்கள், பொங்கல் பானையை இறக்காதீர்கள், பூட்டிப் பத்திரமாக வையுங்கள்” என்றார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன், அவருடைய தமிழுக்காக.

தலைப்பு இதுதான்: பழைய நகர மண்டபங்களைக் காப்பது பூட்டா, புழக்கமா? புழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

மூதாட்டி என்றாரே, அந்த மூதாட்டியின் இளமைக் கதை தெரியுமா? 1880இல் திறந்தார்கள். நடனமும் நாடகமும் விருந்தும் நடக்கும் கூடம். ஊர்ச் சீனர்கள் தங்கள் ஹொக்கியன் மொழியில் அதற்கு வைத்த பெயர் ‘ஆங் மோ கொங் குவான்’, அதாவது வெள்ளைக்காரர் கழகம். வாசலில் ஊர் மண்டபம் என்று எழுதியிருக்க, ஊர் வாயில் வழங்கிய பெயர் இது! 1903இல் பக்கத்திலேயே இன்னொரு பெரிய கட்டடம் எழுந்து, நகராண்மை அலுவல்கள் பிறகு அங்கே போய்விட்டன. ஆக, கோப்புகள் போய்க் கொண்டாட்டம் தங்கிய கட்டடம்தான் இது. யாருடைய கொண்டாட்டம் என்பதுதான் கேள்வி. இத்தனை காலம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவனின் பேரன் படியேறி வரும்போது, “தொடாதே தம்பி, இது பாரம்பரியம்” என்கிறார் அக்கா.

சரி, உணர்ச்சியை ஓரம் வைப்போம். கட்டடத்தின் உடம்பைப் பார்ப்போம். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். பினாங்கு மழையில் சன்னலை அடைத்துப் போட்டால் ஈரம் சுவரிலேயே குடியிருக்கும். உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், மரத்துக்குக் கறையான் விருந்தாளியாக வரும். பூட்டிய கூடத்தில் கூரை ஒழுகினால் யாருக்குத் தெரியும்? ஒத்திகை நடக்கும் கூடத்தில் ஒரு சொட்டு விழட்டும், மிருதங்கக்காரர் போடும் கூச்சல் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை கேட்கும். தோலில் ஈரம் பட அவர் விடுவாரா? அவரை விடவா நல்ல காவலாளி வேண்டும்?

அக்கா கோலாலம்பூரைக் காட்டினார். கட்டடக் கலைஞர் ஹப்பேக் வடிவமைத்த பழைய நகர மண்டபம் 1992இல் தீயில் கருகியதே, புழக்கத்தில் விட்டதன் பலன் அதுதானே என்றார். பூட்டிய வீட்டுக்குள் மின்கம்பி கருகாதா, அக்கா? அதன் பிறகு நடந்ததை ஏன் விட்டுவிட்டார்? கருகிய கூடத்தைச் சீரமைத்து ‘பங்கோங் பண்டாராயா’ என்ற நாடக அரங்கமாக்கினார்கள். மேடை என்ற வேலை கிடைத்ததால்தான் அந்த முகப்புக்குப் பின்னால் மறுபடியும் ஒரு கூடம் எழுந்தது.

மாறாக, அதே கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங் சாலையில் இருந்த போக் மாளிகையை நினைத்துப் பாருங்கள். உணவகமாக ஆள்நடமாட்டம் இருந்தவரை நின்றது. 2001இல் உணவகம் மூடியது. 2006 டிசம்பரில் இடித்துத் தள்ளினார்கள். அது தனியார் சொத்து என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். பூட்டு அதைக் காப்பாற்றியதா என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.

இனி, அக்கா கேட்டதிலேயே கனமான கேள்விக்கு வருகிறேன். “பண்பாட்டுக் கூடம் என்று திறப்பீர்கள், ஓராண்டில் பணக்காரர் திருமண மண்டபமாகிவிடும்” என்றார். இந்தப் பயம் எனக்கும் உண்டு. இந்த மண்டபம் நிற்கும் ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியபோது, கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் பெட்டி கட்டின. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டம் கிடைத்தது. சுவர்களுக்கு நல்ல காலம். சுவருக்குள் கேட்ட தையல் எந்திரச் சத்தமும் சாம்பிராணி வாசமும் பல இடங்களில் போய்விட்டன. இன்று அங்கே ஒரு கோப்பை காப்பிக்குக் கேட்கும் வெள்ளியைக் கண்டால் என் பாட்டி காப்பியையே மறந்திருப்பார்.

அதனால்தான் பொதுக் கட்டடத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். கடைவீட்டுக்காரரிடம் வாடகையைக் குறை என்று நாம் சட்டம் பேச முடியாது. மாநகர் மன்றத்திடம் பேசலாம். நாம் கட்டும் வீட்டு வரிக்கு மலாயில் என்ன பெயர்? சுக்காய் பிந்து. கதவு வரி! கதவுக்கு வரி கட்டுகிறவனுக்குக் கதவைத் திறக்க வேண்டாமா? விருந்துக் கூட்டம் வராத செவ்வாய், புதன்களில் தேவார வகுப்புக்கும், பினாங்குக்கே உரிய ஆடல்பாடல் கலையான போரியா குழுவுக்கும், சீனக் கைப்பாவைக் கலைஞருக்கும் குறைந்த கட்டணத்தில் கொடுங்கள் என்று கேட்கலாம். விதியும் போடலாம்: சுவரில் ஆணி கூடாது, உள்ளே அடுப்பு கூடாது. பொங்கல் பானைக்குத்தான் எதிரே அவ்வளவு பெரிய திடல் கிடக்கிறதே! சிலம்பமும் திடலுக்கே போகட்டும். கம்பும் சரவிளக்கும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம் என்பதில் நான் அக்கா கட்சி.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. அரை நிமிடம் கொடுங்கள்.

தேநீர் வேளையில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மகளுக்கு அடுத்த ஆண்டு பரதநாட்டிய அரங்கேற்றமாம். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். “எஸ்பிளனேடில் அந்தப் பழைய மண்டபம் இருக்கிறதே, அது மட்டும் கிடைத்துவிட்டால்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் எந்த அணி என்பது நினைவுக்கு வந்து, வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.