குடை கிடைக்காத பறவை

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், கேக், குடில், நட்சத்திர விளக்கு என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பொம்மைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் யாருக்கும் வேண்டாத பொம்மைகள்.

போன டிசம்பரில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் பார்த்தேன். சிவப்பு மூக்குப் பனிமான் ருடால்ஃபின் கதை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பறக்கும் பனிவண்டியை இழுப்பவை பனிமான்கள்; இவன் மூக்கு மட்டும் விளக்காக ஒளிர்வதால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். 1964 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, என்பிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தது. அதன்பிறகு ஒரு கிறிஸ்துமஸ்கூட விட்டுப்போகாமல் அமெரிக்காவில் வருடாவருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1972இல் சிபிஎஸ் என்ற இன்னொரு தொலைக்காட்சிக்குப் போய், ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, 2024இல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது.

ருடால்ஃப் பிறந்ததே ஒரு கடையில்தான். 1939இல் சிகாகோவின் மாண்ட்கமரி வார்டு என்ற பெரிய கடை, பண்டிகைக்கு வருகிற குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் போட நினைத்தது. விளம்பர வாசகம் எழுதும் ஊழியரான ராபர்ட் மே எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வருடத்திலேயே 24 லட்சம் பிரதிகள் போயின. பத்து வருடம் கழித்து அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்கினார். பாட்டு உலகம் சுற்றியது. தொலைக்காட்சிக்கு வந்தபோதும் வியாபார வாசனை போகவில்லை. நிகழ்ச்சியை வழங்கியது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பொம்மை செய்து கொடுக்கும் குட்டிக் குள்ளர்கள், இடைவேளையில் வந்து மின்சாரச் சாமான்களையும் விற்றுவிட்டுப் போனார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். தயாரித்தவர்கள் ஆர்தர் ராங்கின், ஜூல்ஸ் பாஸ் என்ற இரண்டு நியூயார்க்காரர்கள். குரல்களில் பெரும்பாலானவை கனடாவின் டொராண்டோவில் பதிவானவை. ருடால்ஃபுக்குக் குரல் கொடுத்தவர் பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணி. ஆனால் படம் உயிர் பெற்றது டோக்கியோவில். அங்கே தடஹிதோ மோச்சினாகா என்பவர் ஒரு பொம்மைப்படக் கூடம் நடத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவுக்குப் போனவர். போர் முடிந்தபிறகும் சீனாவிலேயே தங்கி, அங்கே அனிமேஷன் கலை வேர்விட உதவிவிட்டு 1953இல் ஜப்பான் திரும்பியவர். கிறிஸ்துமஸ் அவர் வீட்டுப் பண்டிகை இல்லை. அமெரிக்கக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் தாத்தாவை நடக்க வைத்தது அவருடைய குழுவினரின் கைதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? பொம்மையின் கையை மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு. இன்னும் ஒரு மயிரிழை, இன்னொரு படம். திரையில் ஒரு விநாடி ஓட 24 படச்சட்டங்கள் வேண்டும். விளம்பரம் போக ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலே 72,000 ஆகிவிடுகிறது. நடுவில் ஒருவர் தும்மி மேசை ஆடினால் போச்சு. இவ்வளவு பொறுமை காட்டிய படத்தில், ஆண்டை ரோமன் எண்ணில் போட்டவர் மட்டும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். காப்புரிமை வரியில் 1964க்குப் பதில் 1164 என்றே இன்றும் இருக்கிறது!

ருடால்ஃப் பொம்மை ஆறு அங்குலம், கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை பதினோரு அங்குலம். தாத்தாவின் தாடி, யாக் எருமையின் முடி. படம் முடிந்ததும் இந்த இரண்டும் நியூயார்க் அலுவலகத்துக்கு வந்து, அங்கே வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. வருடாவருடம் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைப்பார்களாம். வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 2005 வாக்கில் அவை வெளியே வந்தபோது ருடால்ஃபின் சிவப்பு மூக்கையே காணோம். தாத்தாவுக்குப் பாதி மீசை போயிருந்தது. அப்புறம் பழுது பார்த்து, 2020 நவம்பரில் ஏலம் விட்டபோது இரண்டும் சேர்ந்து 3,68,000 டாலருக்குப் போயின. வாங்கியவர் அட்லாண்டாவில் இருக்கும் பொம்மலாட்டக் கலை மையத்துக்கே கொடுத்துவிட்டார்.

மூக்கு போன பொம்மை என்றதும் எனக்கு அந்தத் தீவுதான் நினைவுக்கு வருகிறது. கேலிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும் ருடால்ஃப், வழியில் ஒரு தீவில் ஒதுங்குகிறான். ஒதுக்கப்பட்ட பொம்மைகளின் தீவு. இறக்கை முளைத்த சிங்கராஜா ஒருவர் தினமும் இரவில் உலகைச் சுற்றிவந்து, யாரும் சீண்டாத பொம்மைகளைச் சேகரித்து அங்கே வைத்திருக்கிறார். ரயில் ஒன்று, அதன் கடைசிப் பெட்டிக்குச் சதுரச் சக்கரம். தண்ணீருக்குப் பதில் ஜாம் பீய்ச்சும் துப்பாக்கி. குதிரைக்குப் பதில் நெருப்புக்கோழி மேல் உட்கார்ந்த கௌபாய். மிதக்கத் தெரியாத படகு, பறக்காமல் நீந்தும் பறவை, உடம்பெல்லாம் புள்ளி போட்ட யானை. பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் கோமாளி, ஆங்கிலத்தில் 'ஜாக்-இன்-த-பாக்ஸ்' என்பார்கள், அவனுக்கு ஒரே ஒரு குறை: ஜாக் என்று இருக்கவேண்டிய பெயர் சார்லி என்று ஆகிவிட்டது. பெயர் சரியில்லை என்பதற்காக ஒருத்தனை ஒதுக்குவார்களா என்று சிரிக்கத் தோன்றும். சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிடும்.

இதில் டாலி என்று ஒரு துணிப் பொம்மை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் தெரியாது. பிறகு ஏன் அந்தத் தீவில் இருக்கிறது? பல வருடம் இந்தக் கேள்வி ஓடியது. கைவிடப்பட்ட துக்கம்தான் அதன் குறை, மனசில் இருக்கிற குறை என்று ராங்கின் பின்னாளில் விளக்கம் சொன்னார். எனக்கு அந்த விளக்கமே தேவைப்படவில்லை. நல்ல பொம்மையையும் குழந்தை ஒருநாள் கீழே போட்டுவிட்டுப் போகத்தானே செய்கிறது.

எங்களுக்கு ஒரு வழி செய்யச் சொல்லு என்று பொம்மைகள் ருடால்ஃபிடம் கேட்கின்றன. அவனும் சரி என்கிறான். 1964இல் என்ன நடந்தது தெரியுமா? கடைசியில் பனிமூட்டம் வருகிறது, சிவப்பு மூக்கு வெளிச்சம் காட்டுகிறது, வண்டி வானத்தில் ஏறுகிறது, படம் முடிந்தது. பொம்மைகளுக்கு வீடு பார்த்துத் தருவதாகத் தாத்தா சொன்னார் என்று கதை சொல்லும் பனிமனிதர் ஒரு வரி சொல்வதோடு சரி. தீவுக்கு யாரும் போகவில்லை. வண்டியிலிருந்து குள்ளர் கீழே போட்ட பரிசுப் பொட்டலங்களில் படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் இருந்தன.

பார்த்த பிள்ளைகள் விடவில்லை. அந்தப் பொம்மைகள் என்ன ஆயின என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. பெரியவர்கள் எழுதி முடித்த கதையில் கடன் பாக்கி இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். 1965 ஒளிபரப்புக்காகப் புதிதாக ஒரு காட்சி எடுத்துச் சேர்த்தார்கள். பனியில் மூட்டிய நெருப்பைச் சுற்றி யானையும் டாலியும் கோமாளியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று டாலி அழுகிறது. அப்போது தூரத்தில் மணிச்சத்தம் கேட்கிறது. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். இவ்வளவுக்கும் இந்தப் படத்துத் தாத்தா ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை. பிறந்த குட்டியின் மூக்கைப் பார்த்து முகம் சுளித்தவர், மூக்கு வேலைக்கு ஆகும் என்று தெரிந்தபிறகு கொஞ்சியவர். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகவாவது தீவுக்கு வந்தாரே என்று அவரை நான் மன்னித்திருக்கிறேன்.

வண்டி பறக்கும்போது குள்ளர் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, கையில் ஒரு குடை கொடுத்துக் கீழே இறக்கிவிடுகிறார். நீந்தும் பறவையின் முறை வருகிறது. பறவைதானே, குடை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்.

பேத்தி மடியிலிருந்து எழுந்துவிட்டாள். "தாத்தா, அதுக்குப் பறக்கத் தெரியாதே!"

அறுபது வருடமாக இந்தத் தவறு திருத்தப்படாமல் ஓடுகிறது. அவளைச் சமாதானப்படுத்த 1965 கடிதங்களின் கதையைச் சொன்னேன். அது வேறு வினையாகிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு தாள் கொண்டுவந்து நீட்டினாள். பறவைக்கு ஒரு குடை கொடுக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே குடையின் படமும் போட்டிருந்தாள். முகவரி தாத்தா எழுதணுமாம். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, அனுப்பியாச்சா என்று கேட்கிறாள்.

வணக்கம்.